வேலையற்றோர் போராட்டத்தின் பழைய படம்: ஃபிரேமைத் திறப்பது முதல் மீண்டும் மாட்டுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வேலை கேட்டுத் தெருவில் இறங்கியவர்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, கண்ணாடி போட்ட ஃபிரேமோடு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஏலத்தில் எடுத்திருக்கலாம், ஒரு தொழிற்சங்க அலுவலகத்தைக் காலி செய்யும்போது கிடைத்திருக்கலாம், குடும்பத்தின் பழைய சாமான்களோடு வந்திருக்கலாம். அதோடு பெரும்பாலும் "பட்டினி ஊர்வலம், 1930-கள்" என்பதுபோல ஒரே ஒரு வரி இருக்கும். அதை நம்பி அப்படியே சுவரில் மாட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இந்த வகைப் படத்துக்கு அது போதவே போதாது. கல்யாணப் படத்தில் நிற்பவர்கள் யார் என்று சொல்ல வீட்டில் ஒரு பெரியவராவது இருப்பார். ஊர்வலத்தில் நடந்தவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது கையில் பிடித்த தட்டிகளில் இருக்கிறது. அவர்களைப் பற்றிப் பத்திரிகை அலுவலகம் சொன்னது படத்தின் முதுகில் இருக்கிறது. ஃபிரேம் போட்டவுடன் முதுகு மறைந்துவிடும், அதோடு படத்தின் பாதி வரலாறும் மறைந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் அழகாக மாட்டுவது கடைசி வேலை. முன்னும் பின்னும் படித்துப் பதிவு செய்வதுதான் முதல் வேலை.

படி 1: திறப்பதற்கு முன்

இருக்கிற நிலையிலேயே ஃபிரேமை முன்னும் பின்னும் போன் கேமராவில் படம் எடுங்கள். பின்னால் ஒட்டிய தாள், ஃபிரேம் கடையின் சீட்டு, ஏல எண், தொங்கவிட்ட கம்பி வரை எல்லாம் பதிவாகட்டும். ஒரு சீட்டு கிழிந்துபோனால் அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஒரே தடயம் போயிற்று.

அடுத்து, படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால், ஒட்டிய இடங்கள் ஈரம் பட்டதுபோலக் கறுத்து மின்னும். இடையில் மவுண்ட் அட்டை (படம் தெரிய நடுவில் ஜன்னல்போல வெட்டிய அட்டை) இல்லாமல் நேரடியாகக் கண்ணாடியோடு அழுத்தி வைத்த படங்களில் இது நிறைய நடக்கும். பழைய படத்தாளின் மேற்பரப்பு ஜெலட்டின். ஈரம் ஏறினால் இளகும், காய்ந்தால் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், நனைக்காதீர்கள், சூடும் காட்டாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே வைத்துக்கொண்டு, புகைப்படப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். அதுவரை கண்ணாடி வழியாகவே ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

படி 2: திறப்பது

சுத்தமான மேசையில் வெள்ளைத்துணி விரித்து, கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி ஃபிரேமைக் கவிழ்த்து வையுங்கள். நைட்ரைல் கையுறை நல்லது, அல்லது கழுவி நன்றாக உலர்ந்த கை போதும். பருத்திக் கையுறை வழுக்கும், ஓரக் கிழிசலில் மாட்டும். பின்தாளை ஓரமாக அறுத்து எடுங்கள். ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக உருவுங்கள், நெம்பினால் மரம் தெறித்துப் படத்தில் குத்தும்.

பின்னட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். இடைவெளியை அடைக்க அந்தக் காலத்தில் பழைய செய்தித்தாளை மடித்து வைப்பார்கள். அதில் தேதி இருந்தால், ஃபிரேம் அதற்கு முன்னால் போடப்பட்டதல்ல என்று தெரிந்துவிடும். 1932-இல் நடந்த ஊர்வலத்தின் படத்துக்குப் பின்னால் 1971-ஆம் ஆண்டுத் தாள் இருந்தால், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து யாரோ அதை முக்கியம் என்று நினைத்திருக்கிறார்கள். அதுவும் படத்தின் வரலாறுதான்.

படம் ஓர் அட்டையில் முழுவதுமாக ஒட்டப்பட்டிருந்தால் உரிக்க முயல வேண்டாம்.

படி 3: கையில் இருப்பது எந்த வகைப் படம்?

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்றும் சிறிய புற ஊதா டார்ச் ஒன்றும் இருந்தால் பெரும்பாலான சந்தேகம் தீரும்.

பூதக்கண்ணாடியில் வரிசை தவறாத புள்ளிகள் தெரிந்தால், அது அச்சு இயந்திரத்தில் வந்தது. பத்திரிகையிலோ புத்தகத்திலோ வந்த பக்கத்தை வெட்டி ஃபிரேம் போட்டிருக்கிறார்கள். வண்ண வண்ணமாகச் சிதறிய நுண்துளிகள் தெரிந்தால், அண்மைக்காலத்து இங்க்ஜெட் பிரதி. இவை இரண்டும் இல்லாமல், சாம்பல் நிறம் இடைவிடாமல் மெல்ல மாறிக்கொண்டே போனால் இருட்டறையில் கழுவிய உண்மையான பிரின்டாக இருக்க வாய்ப்பு உண்டு. 1890-களிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அப்படிப்பட்டவை வெள்ளி ஜெலட்டின் தாளில்தான் வந்தன. இருண்ட பகுதிகளிலும் ஓரங்களிலும், சாய்த்துப் பார்க்கும்போது நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பு தெரிந்தால், உள்ளிருந்த வெள்ளி காலப்போக்கில் மேற்பரப்புக்கு வந்திருக்கிறது. அதைத் துடைக்கக் கூடாது.

நெருக்கமான இணைகோடுகள் படம் முழுக்க ஓடினால், அது கம்பி வழியாக அனுப்பிய படமாக இருக்கலாம். அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் தொலைபேசிக் கம்பி வழியே படம் அனுப்பும் தன் சேவையை 1935 ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கியது. அத்தகைய பிரதிகளில் படக்குறிப்பும் படத்தோடு சேர்ந்தே பதிவாகியிருக்கும். எடுத்த இடத்திலிருந்து வெகுதூரத்தில் இருந்த ஒரு பத்திரிகை அலுவலகத்தின் பிரதி அது.

பிறகு அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். தாள் பளிச்சென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி சேர்த்திருக்கிறார்கள். புகைப்படத் தாளில் அது 1950-களில்தான் பரவலாக வந்தது. ஆகவே, "1930-களில் கழுவிய மூலப் பிரதி" என்று விற்கப்பட்ட படம் அப்படி ஒளிர்ந்தால் அந்தக் கூற்று நிற்காது. ஒளிராமல் இருந்தால் பழையது என்று நிரூபணம் ஆகிவிடாது, சந்தேகம் மட்டும் குறையும். பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருந்தால் அது ஏறத்தாழ 1970-க்குப் பிந்தைய தாள்.

பிற்காலப் பிரதி என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம். சந்தையில் விலை குறையும், உண்மைதான். படத்தில் இருப்பவர்கள் அதே மனிதர்கள்தான், படிக்க வேண்டியதும் அதேதான்.

படி 4: முதுகைப் படிப்பது

பத்திரிகைக்குப் போன பிரின்ட் என்றால் முதுகில் ஒரு கூட்டமே இருக்கும்: படமுகமையின் (பத்திரிகைகளுக்குப் படம் கொடுக்கும் நிறுவனத்தின்) ரப்பர் முத்திரை, தட்டச்சு செய்து ஒட்டிய படக்குறிப்புச் சீட்டு, வெளியான தேதி முத்திரை, நூலகக் கோப்பு எண், பென்சிலில் எழுதிய அளவுகள்.

முகமையின் பெயரே காலத்துக்கு வேலி போடும். அக்மி நியூஸ்பிக்சர்ஸ் என்று இருந்தால் 1950-களின் தொடக்கத்துக்கு முன்பு. இன்டர்நேஷனல் நியூஸ் போட்டோஸ் என்றால் 1958-க்கு முன்பு. பல தேதி முத்திரைகள் இருந்தால் படம் பலமுறை பயன்பட்டிருக்கிறது என்று பொருள். அவற்றில் மிகப் பழையதே நிகழ்வுக்கு நெருக்கமானது, ஆனால் அதுகூட எடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை.

படக்குறிப்பை ஓர் எழுத்தும் மாற்றாமல் படியெடுங்கள். அதில் வரும் வினைச்சொற்களையும் பெயர்களையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் "தொழிலாளர்களா", "கும்பலா", "கம்யூனிஸ்டுகளா"? போலீஸ் "ஒழுங்கை நிலைநாட்டியதா", "அடித்ததா"? இந்தச் சொற்களை எழுதியவர் அலுவலக மேசையில் இருந்தவர். நீங்கள் எழுதப்போகும் குறிப்பில் அவருடைய சொல்லை மேற்கோள் குறிக்குள் வையுங்கள், உங்கள் சொல்லாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

முன்பக்கத்தையும் இந்த இடத்தில் ஒருமுறை பாருங்கள். பத்திரிகைக் கலைஞர்கள் சாம்பல் வண்ணம் பூசி ஆட்களின் உருவத்தைத் தூக்கிக் காட்டுவார்கள், பின்னால் நிற்பவர்களை மறைப்பார்கள். ஓரங்களில் மெழுகுப் பென்சில் கோடு இருந்தால் அதற்கு உள்ளே இருந்தது மட்டுமே அச்சில் வந்தது. கோட்டுக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்று நிதானமாகப் பாருங்கள். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள்.

படி 5: முகப்பைப் படிப்பது

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். முதலில் ஸ்கேன் செய்துகொண்டு, திரையில் பெரிதாக்கி, இடமிருந்து வலமாகக் கட்டம் கட்டமாகப் பாருங்கள்.

தட்டிகளிலிருந்து தொடங்குங்கள். "வேலை கொடு, இல்லையேல் கூலி கொடு" என்ற பொருளுள்ள ஆங்கில முழக்கம் 1930 மார்ச் 6-ஆம் தேதி அமெரிக்க நகரங்களில் ஒலித்தது. அன்று கம்யூனிஸ்ட் அகிலத்தின் (பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பின்) அழைப்பில் பல நாடுகளில் ஒரே நாளில் ஆர்ப்பாட்டம் நடந்தது, நியூயார்க் யூனியன் சதுக்கத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஆகவே தேதி மட்டும் தெரிந்தால் ஊர் தெரிந்ததாகாது. பிரிட்டனில் "வருமானச் சோதனை ஒழிக" என்று தட்டி இருந்தால் அது 1931-இன் இறுதிக்கு முன்னால் இருக்க முடியாது. வேலையில்லாதவரின் வீட்டுக்குள் வந்து எல்லார் வருமானத்தையும் துருவிய அந்தச் சோதனை அப்போதுதான் வந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1931 ஜனவரி 9-இல் நடந்த மோதல், நிவாரணப் பங்கீட்டில் மாட்டிறைச்சிக்குப் பதில் ஆட்டிறைச்சி என்று அரசு மாற்றியதால் எழுந்தது. அந்த ஊர்வலத்தில் மாட்டிறைச்சி கேட்கும் வாசகம் தெரிந்தால் ஊரும் நாளும் ஒரே அடியில் கிடைத்துவிடும். போனஸ் என்ற சொல்லும் பழைய ராணுவ உடையும் சேர்ந்து தெரிந்தால் 1932-இல் வாஷிங்டனுக்கு வந்த முதல் உலகப் போர் வீரர்களாக இருக்கக்கூடும். அரசு 1945-இல் தரவேண்டியிருந்த போனஸ் தொகையை உடனே கேட்டு வந்த வேலையற்றவர்கள் அவர்கள். ஜூலை 28-இல் ராணுவத்தை ஏவி அவர்களுடைய குடிசைகளிலிருந்து விரட்டினார்கள்.

எழுத்து எதுவும் தெரியாத படம் என்றால், அது இடம்வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதற்கு ஆண்கள் போட்டிருக்கும் கோட்டுகளைப் பாருங்கள். வழக்கமாக இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வரும், பொத்தான்கள் அணிந்தவரின் வலப்பக்கத்தில் இருக்கும். எல்லாருக்கும் அது மாறியிருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

பிறகு பின்னணி. கடைப் பலகை, டிராம் எண், தெருவிளக்கு, சுவரில் ஒட்டிய சினிமா விளம்பரம், கார் எண் பலகை. அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஆண்டுதோறும் ஆண்டு எண் பொறித்த புதுப் பலகை கொடுத்துவந்தன, அதனால் ஒரு கார் போதும். கடைப் பெயர் கிடைத்தால் அந்த நகரத்தின் பழைய முகவரிப் புத்தகத்தில் தேடித் தெருவைப் பிடிக்கலாம்.

இப்போது கடினமான கேள்வி: இது போராட்டம்தானா? கஞ்சி வரிசை, நிவாரண வரிசை, வேலைநிறுத்தம், வேலையற்றோர் ஊர்வலம் நான்கும் தொலைவிலிருந்து ஒன்றுபோலத் தெரியும். வேலைநிறுத்தம் செய்பவர் வேலை உள்ளவர், பெரும்பாலும் ஆலை வாசலில் நிற்பார். வரிசையில் நிற்பவர் ஒரு கதவை நோக்கி நிற்பார், கையில் பாத்திரமோ பையோ இருக்கும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் மார்கரெட் பர்க்-வைட் எடுத்த புகழ்பெற்ற படத்தை நினைத்துப் பாருங்கள். "உலகின் மிக உயர்ந்த வாழ்க்கைத் தரம்" என்று பெருமையடிக்கும் விளம்பரப் பலகைக்குக் கீழே கறுப்பின மக்கள் வரிசையாக நிற்பார்கள். வேலையில்லாத் திண்டாட்டத்தின் சின்னமாகவே அது சுற்றுகிறது. உண்மையில் அவர்கள் 1937-இல் ஒஹாயோ ஆற்று வெள்ளத்தில் பாதிக்கப்பட்டு, லூயிவில் நகரில் நிவாரணத்துக்கு நின்றவர்கள். படம் சொல்லும் அநீதி மெய், ஒட்டிய பெயர் பிழை.

பெயர்பெற்ற நிகழ்வின் பெயரை ஒட்டுவதில் இரட்டைக் கவனம் வேண்டும். ஜாரோ என்ற இங்கிலாந்துக் கப்பல்கட்டும் ஊரிலிருந்து 200 பேர் 1936 அக்டோபர் 5-இல் கிளம்பி, அக்டோபர் 31-இல் லண்டன் சேர்ந்தார்கள். எலன் வில்கின்சன் அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அதே இலையுதிர் காலத்தில் தேசிய வேலையற்ற தொழிலாளர் இயக்கத்தின் பெரிய பட்டினி ஊர்வலமும், பார்வையற்றோரின் ஊர்வலமும் லண்டனுக்கு நடந்தன. ஜாரோவின் பெயர் மட்டும் நினைவில் நின்றதால் மற்றவர்களின் படத்துக்கும் அந்தப் பெயர் எளிதில் ஒட்டிக்கொள்ளும். பதாகையில் ஊர்ப்பெயரைக் கண்ணால் படிக்காமல் ஜாரோ என்று எழுதாதீர்கள். நடந்த ஒருவரின் நடையை இன்னொருவர் கணக்கில் எழுதுவது சின்னத் தவறு இல்லை.

படி 6: கேமரா எங்கே நின்றது?

படத்தை மீண்டும் முழுதாகப் பாருங்கள். மாடியிலிருந்து எடுத்ததா, போலீஸ் வரிசைக்குப் பின்னாலிருந்தா, கூட்டத்தின் நடுவிலிருந்தா? போலீஸ்காரரின் முதுகு தெரிந்தால் நீங்கள் அவர் பக்கம் நிற்கிறீர்கள். தொழிலாளியின் தோள் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தால் அவரோடு நடக்கிறீர்கள். முகமைப் படங்கள் பலவும் உயரத்திலிருந்து எடுத்தவை, அவற்றில் கூட்டத்தின் அளவு தெரியும், முகங்கள் தெரியாது. இதற்கு மாறாக, 1930-இல் நியூயார்க்கில் உருவான தொழிலாளர் திரைப்பட, புகைப்படக் கழகத்தினர் ஊர்வலத்துக்கு உள்ளிருந்தே படம்பிடித்தார்கள். 1932 மார்ச் 7-இல் டெட்ராய்ட்டிலிருந்து டியர்போர்னில் இருந்த ஃபோர்டு ஆலைக்கு வேலையற்றோர் நடந்தபோது, போலீசும் ஆலைக் காவலர்களும் சுட்டதில் அன்றே நால்வர் இறந்தார்கள். அத்தகைய நாளின் படத்தில் கேமரா எந்தப் பக்கம் நின்றது என்பது கலை நுணுக்கமான கேள்வி மட்டும் அல்ல, சாட்சியின் கேள்வி.

நீங்கள் கண்டதை இரண்டு வரியில் எழுதிவையுங்கள்.

படி 7: சரிபார்ப்பது

உங்கள் ஊகத்தை வேறு மூலத்தோடு மோதிப் பாருங்கள். அமெரிக்கப் படத்துக்கு அந்நாட்டு காங்கிரஸ் நூலகமும் அதன் பழைய செய்தித்தாள் தொகுப்பும், டெட்ராய்ட் தொடர்பானவற்றுக்கு வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வால்டர் ராய்தர் நூலகமும் உதவும். பிரிட்டனுக்கு சால்ஃபோர்டின் உழைக்கும் வர்க்க இயக்க நூலகமும் மான்செஸ்டரின் மக்கள் வரலாற்று அருங்காட்சியகமும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு ட்ரோவ், நியூசிலாந்துக்கு பேப்பர்ஸ் பாஸ்ட் என்ற இலவச இணையத் தொகுப்புகள் நாளிதழ்களையே திறந்துகாட்டும். 1935 ஜூன் 3-இல் கனடாவின் வான்கூவரிலிருந்து சரக்கு ரயில் கூரைகளில் ஏறி தலைநகர் ஒட்டாவா நோக்கிக் கிளம்பிய நிவாரண முகாம் தொழிலாளர்களைத் தேடுகிறீர்கள் என்றால், வான்கூவர் நகர ஆவணக் காப்பகத்திலிருந்து தொடங்குங்கள். அவர்களின் பயணம் ஜூலை 1-இல் ரெஜைனாவில் முறியடிக்கப்பட்டது, அதனால் ஒட்டாவாவில் எடுத்ததாகச் சொல்லும் படத்தைச் சந்தேகியுங்கள்.

தேதி உறுதியாகவில்லை என்றால் "1931-க்கும் 1936-க்கும் இடையில்" என்று எழுதுவதே நேர்மை.

படி 8: ஸ்கேன்

முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். எட்டுக்குப் பத்து அங்குலப் பிரின்ட் என்றால் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதும், சிறியதற்கு 1200. டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையிலேயே ஸ்கேன் செய்தால் கறை, மை, முத்திரையின் நிறம் பதிவாகும். கீறலை அழித்துச் சுத்தமாக்கிய பிரதி வேண்டுமென்றால் தனிக் கோப்பாக வைத்து, திருத்தியது என்று பெயரிடுங்கள்.

படி 9: மீண்டும் ஃபிரேம்

என் பரிந்துரை: சுவருக்கு நல்ல பிரதி, மூலம் இருட்டான பெட்டிக்கு. மூலத்தையே மாட்ட விரும்பினால் இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். மவுண்ட் அட்டையும் பின்னட்டையும் அமிலமும் லிக்னினும் (தாளைப் பழுப்பாக்கும் மரப்பொருள்) இல்லாதவையாக, புகைப்படத்துக்கு ஏற்றவை என்று சோதிக்கப்பட்டவையாக இருக்கட்டும். சாதாரண அட்டையின் அமிலம்தான் ஜன்னல் வெட்டிய ஓரத்தில் பழுப்புக் கோடாக எரியும். படத்தை எதிலும் ஒட்ட வேண்டாம், செல்லோ டேப் கூடவே கூடாது. நான்கு மூலைகளிலும் காகித அல்லது பாலியெஸ்டர் மூலைப்பை போட்டு நிறுத்தினால் நாளை யாரும் சேதமின்றி எடுக்கலாம். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் இடைவெளி கட்டாயம். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியோ அக்ரிலிக்கோ போடுங்கள். ஆனால் அதை நம்பி வெயிலில் மாட்டாதீர்கள், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சேதம் செய்யும். 50 முதல் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரையிலான மங்கல் ஒளியே நல்லது.

சமையலறை, குளியலறைச் சுவர், ஈரம் ஊறும் வெளிச்சுவர் எதுவும் வேண்டாம். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் சில வாரங்களாவது மாட்டாதீர்கள், அந்த ஆவி வெள்ளியைத் தாக்கும். பெட்டிக்குள் வைப்பதற்கு பாலியெஸ்டர் உறை சரி, பிவிசி உறை ஆகாது.

பின்னட்டைக்கு வெளியே ஓர் உறையை இணைத்து, அதற்குள் முதுகின் ஸ்கேன் பிரதி, படக்குறிப்பின் படி, நீங்கள் கண்டறிந்தவை, எப்படிக் கண்டறிந்தீர்கள் என்பது எல்லாவற்றையும் வையுங்கள். அடுத்தவர் ஆணியைப் பிடுங்காமலே படிக்க முடியும்.

படி 10: பெயர்ப்பலகையும் உரிமையும்

சுவரில் படத்துக்குப் பக்கத்தில் வைக்கும் சிறு பலகையில் வரிசை முக்கியம். முதலில் தட்டியில் இருக்கும் வாசகம், அவர்கள் எழுதியபடி. பிறகு இடம், தேதி, உறுதியின் அளவு. பிறகு எடுத்தவர் அல்லது முகமை. பழைய படக்குறிப்பைக் கடைசியில், யார் எழுதியது என்ற விவரத்தோடு வையுங்கள். எல்லா இடத்திலும் பத்திரிகையின் சொல்லே முதலில் வருகிறது. உங்கள் சுவரிலாவது நடந்தவர்களின் சொல் முதலில் வரட்டும்.

பிரின்டை வாங்கியதால் பதிப்புரிமை உங்களுடையதாகாது. வீட்டில் மாட்டுவதில் சிக்கல் இல்லை. புத்தகத்திலோ இணையத்திலோ வெளியிடுவதற்கு முன் எடுத்தவர் யார், எந்த நாட்டில் முதலில் வெளியானது என்று பாருங்கள். பிரிட்டனில் பொதுவாக எடுத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். அமெரிக்காவில் பழைய படங்களுக்கு, பதிப்புரிமை முறையாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தால், வெளியானதிலிருந்து 95 ஆண்டுகள்.

படத்தில் ஒரு முகத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டால், அல்லது நிகழ்வு உறுதியாகிவிட்டால், அந்த வட்டாரத்தின் ஆவணக் காப்பகத்துக்கு இருபக்க ஸ்கேனையும் உங்கள் குறிப்பையும் அனுப்புங்கள். மூலத்தைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அதே ஊர்வலத்தின் வேறொரு படம் அங்கே பெயரில்லாமல் கிடக்கலாம், உங்கள் படத்தில் தெளிவாகத் தெரியும் தட்டி அங்கே மங்கலாகத் தெரியும் தட்டியைப் படிக்க உதவும்.